பாதியில் நிற்கும் ரத்த அணுக்கள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டு களிக்கிறார்கள். சற்றே ஒதுங்கி நிற்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் நாடிச் செல்வோர் சிலரே. அவை வேலை முற்றுப்பெறாமல் நின்றுபோனவை. மனித உடம்பிலும் இவ்வாறு ஒரு வேலை நடுவில் நின்றுவிடுவதுண்டு. அதன் விளைவு மிகக் கொடியது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் அணுக்கள் படிப்படியாக முதிர்ந்து, நோய்க் கிருமிகளுடன் போராடும் வெள்ளை அணுக்களாகின்றன. ரத்தப் புற்றுநோயிலோ அவை முதிராமலே பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. கல்லில் உருவம் எவ்வளவு வந்திருக்கிறது என்பதை அதன் மேற்பரப்பு காட்டுவதுபோல, அணு எவ்வளவு முதிர்ந்தது என்பதையும் அதன் மேற்பரப்பே அறிவிக்கும்.

1977-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் ரத்த அணுக்களை எடுத்து ஆராய்ச்சிச் சாலையில் வளர்த்தார்கள். எச்.எல்.60 என்று அந்த அணு வம்சத்துக்குப் பெயர். ஏ வைட்டமினைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை இட்டதும் அவை முதிரத் தொடங்கியது 1980-ல் தெரியவந்தது. இரும்புச் சத்தை உள்ளே வாங்கும் புரதம் மேற்பரப்பில் குறைந்தது; ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் புரதம் மிகுந்தது. கொல்லாமலே திருத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1988-ல் ஷாங்காய் வைத்தியர்கள், ஒருவகை ரத்தப் புற்றுநோய் கண்ட 24 பேருக்கு இம்மருந்தை அளித்த செய்தியை வெளியிட்டார்கள். 23 பேருக்கு இது ஒன்றினாலேயே நோய் அடங்கியது! வெள்ளைப் பாஷாணத்திலிருந்து செய்த மருந்தும் இன்று துணை சேர்ந்து, அவ்வகையினரில் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கிறது.

குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது வேறு வகை. அதற்கு முக்கியமான மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின், கடற்கரை மணலிலும் செழிக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுகிறது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடி அது! அணுக்கள் இரண்டாகப் பிரிவதை அம்மருந்து தடுத்துவிடுகிறது. ஆயினும் இலையை அரைத்துக் குடிப்பதும், வைட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்குவதும் வைத்தியமல்ல, ஆபத்து.

விடாத காய்ச்சல், உடல் வெளுப்பு, தோலில் காரணமின்றி ரத்தக் கட்டு ஆகியவை கண்டால், தாமதியாமல் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-ல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் இந்தப் பகுதியினருக்கு எட்டாத தூரமல்ல. சில வாரங்களில் நோய் அடங்கிக் குழந்தை ஓடியாடும். சிகிச்சையோ இரண்டு மூன்று வருஷம் நடக்க வேண்டியது. குழந்தை தேறிவிட்டது என்று பெற்றோர் நடுவில் நிறுத்திவிடலாகாது என்பதே நமது வேண்டுகோள்.