கப்பலில் ஏறும் முன் கைப்பையைப் பாருங்கள்

கப்பலில் சுற்றுலா போகிறேன் என்று சொன்னால் உறவினர்கள் முதலில் கேட்பது, “தலை சுத்தாதா?” அடுத்தது, “புயல் கியல் வந்தா என்ன பண்ணுவே?” அடிக்கடி கப்பலேறும் எனக்கு இந்த இரண்டும் பெரிய கவலைகளே இல்லை. கப்பலில் உடம்புக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வீட்டிலும் வருகிறவைதான். மாத்திரை விட்டுப்போகும், குளியலறையில் கால் வழுக்கும், வயிறு கெட்டுப்போகும். வீட்டில் என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நடுக்கடலில், அடுத்த துறைமுகம் வரும்வரை கப்பல் டாக்டரும் நம் கைப்பையில் இருக்கும் மருந்தும்தான் துணை.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பல்களில் இப்போது தமிழ்க் குரல்கள் சகஜம். அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்கும், சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கும் போய்வருகிறார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்தே ‘எம்பிரஸ்’ கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு கிளம்பியது. இப்படிப் போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய. சுகர், பிரஷர், முழங்கால் வலி எல்லாம் அவர்களோடு கப்பலேறுகின்றன.

மருந்து பெட்டியில் போகக்கூடாது

துறைமுகத்தில் நுழைந்ததுமே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். ஸ்கேன் முடிந்து அவை கேபின் வாசலுக்கு வர மாலையாகிவிடும். சில நாள் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வரும். மதிய இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏறும்போது ஜாக்கிரதையாக இருப்பவர்கள்கூட இறங்கும்போது கோட்டை விடுவதுண்டு. கடைசி நாள் இரவே பெட்டிகளைக் கட்டி வெளியே வைக்கச் சொல்வார்கள். ஒருமுறை காலை பஃபேயில் ஓர் அம்மா, “பிரஷர் மாத்திரை பெட்டியோட போயிடுச்சுப்பா, கொஞ்சம் திறந்து தரச் சொல்லேன்” என்று மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மகன் யாரிடம் போய்ச் சொல்வார்? ஆயிரக்கணக்கான பெட்டிகள் அதற்குள் கரைக்கு இறங்கிவிட்டன.

மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். ‘டோலோ’ என்றால் வெளிநாட்டு டாக்டருக்குப் புரியாது. அதிலுள்ள பாராசிட்டமாலையே அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்றுதான் சொல்கிறார்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படலாம்.

கேபினில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை நம்பி இன்சுலின் கையிருப்பை வைக்காதீர்கள். பல கப்பல்களில் அது குளிர்பானத்தைச் சில்லென்று வைத்திருக்க மட்டுமே. கேட்டால், கப்பலின் மருத்துவ மையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊசிகளைப் போட ஒரு கெட்டி டப்பாவும் கேபின் ஊழியரிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். கப்பல் மேற்கிலோ கிழக்கிலோ போகப்போகக் கடிகாரத்தை மாற்றுவார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எந்த நேரக் கணக்கில் போடுவது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

தலை சுற்றலுக்கு இடமும் மருந்து

காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. ஜன்னல் இல்லாத கேபினில் கண்ணோ ‘எதுவும் அசையவில்லையே’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிவருகிறது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே பாதி வைத்தியத்தை முடித்துவிடலாம். கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் உள்ள கேபின்தான் குறைவாக ஆடும். முன் மூக்கும் உச்சித் தளமும் அதிகம் ஆடும். அதிக விலை கொடுத்து உச்சியில் அறை வாங்குகிறவர் அதிக ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில் இறக்கைகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை அவ்வளவாகத் தடுக்காது. கடலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. அலாஸ்கா வழியில் தீவுகளுக்கு நடுவே போகும்வரை கப்பலில் இருப்பதே தெரியாது. அலாஸ்கா வளைகுடாவுக்கு வந்தால் தெரியும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவும் தென்சீனக் கடலும் முரண்டு பிடிக்கும்.

அலை வரப்போவதை ஊழியர்கள் நமக்கு முன்னாலேயே அறிந்துவிடுவார்கள். லிஃப்ட் பக்கத்திலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் திடீரென்று காகிதப் பைகள் செருகப்பட்டிருக்கும். நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்து வலை கட்டியிருப்பார்கள். மாத்திரை போட வேண்டிய நேரம் அதுதான். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் உள்ளே நிற்காது. மலைப்பாதை பஸ்களுக்காக நம் ஊரில் எல்லாருக்கும் பழக்கமான அவோமின் கப்பலுக்கும் உதவும். அமெரிக்கக் கடைகளில் மெக்லிசின் கிடைக்கும். இரண்டுமே தூக்கம் வரவழைப்பவை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வரை வேலை செய்யும். ஆனால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு வரலாம். க்ளாக்கோமா, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் இந்த மருந்துகள் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும்.

மருந்து வேண்டாம் என்பவர்கள் திறந்த டெக்கில் நின்று அடிவானத்தையே பாருங்கள். கேட்டால் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் தருவார்கள். நான் இஞ்சி மொரப்பா கொண்டுபோகிறவர் கட்சி. வெறும் வயிறும் ஆகாது, முட்டமுட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது.

வாந்தி பேதி: கை கழுவுவதில்தான் எல்லாம்

செய்தித்தாளில் ‘கப்பலில் நூற்றுக்கணக்கானோருக்கு வாந்தி பேதி’ என்று வந்தால் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். கப்பலில் மட்டும் இருக்கிற கிருமி இல்லை இது. விடுதி, பள்ளி, முதியோர் இல்லம் என்று ஆட்கள் நெருங்கி இருக்கும் எங்கும் பரவும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பல்களின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். பிறகு ஏன் கப்பல் மட்டும் செய்தியாகிறது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் கப்பல் சுகாதாரத்துக்கென்று தனித் திட்டம் நடத்துகிறது. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதத்தினருக்கு வயிற்றுக் கோளாறு என்றாலே ஊரறியச் சொல்லிவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் அப்படி யாரும் எண்ணுவதில்லை.

இந்த வைரஸ் உடம்பில் நுழைந்து 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். பெரும்பாலானோருக்கு மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். சில கப்பல்களில் உணவுக்கூட வாசலில் ஓர் ஊழியர் “வாஷி வாஷி” என்று பாடிக்கொண்டே கையில் சானிடைசர் அடிப்பார். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆல்கஹால் சானிடைசருக்கு நோரோ சரியாகக் கட்டுப்படாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடித் தேய்ப்பும்தான் அதைக் கழுவித் தள்ளும். இதனால்தான் புதிய கப்பல்களில் உணவுக்கூட வாசலிலேயே கைகழுவும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. பஃபேயில் இட்லியை எடுக்கும் இடுக்கி அன்று காலை எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. முள்கரண்டியால் சாப்பிடுகிறவர் தப்பிக்கலாம். நாம் இடுக்கியைப் பிடித்த அதே விரல்களால் இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தோய்க்கிறோம். ஆகவே உள்ளே நுழையும்போது கழுவினது போதாது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு முறை போய்க் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். லிஃப்ட் பொத்தான், மாடிக் கைப்பிடி, சூதாட்டக் கூடத்துச் சில்லுகள் எல்லாம் இதே கணக்குத்தான்.

மேஜையிலிருந்து உப்பு, மிளகு டப்பாக்கள் காணாமல் போய், பஃபேயில் ஊழியர்களே எடுத்துப் பரிமாறத் தொடங்கினால், எங்கோ யாருக்கோ வயிறு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அறிவிப்புக்குக் காத்திராமல் உஷாராகிவிடுங்கள்.

உங்களுக்கே வந்துவிட்டால் உடனே மருத்துவ மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள். அறிகுறிகள் நின்று ஓரிரு நாள் கழித்துத்தான் விடுவார்கள். ‘பணம் கட்டி வந்துட்டு ரூமுக்குள்ள கிடக்கணுமா?’ என்று மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏறும்போது தரும் உடல்நலப் படிவத்திலேயே பொய் எழுதுகிறார்கள். பக்கத்து மேஜை எண்பது வயதுப் பாட்டியின் நீர்ச்சத்தோடு விளையாடுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. கைப்பையில் நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

இருமலும் தும்மலும்கூடக் கப்பலில் வேகமாகப் பரவும். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. வடக்கு, தெற்கு என்று உலகின் இரு பாதியிலிருந்தும் ஆட்கள் கலக்கும் இடம் என்பதால் ஃப்ளூவுக்குக் கப்பலில் பருவம் கிடையாது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பஃபே நாள் முழுக்கத் திறந்திருக்கும்

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. கடல்நீரைச் சுத்திகரித்தோ கரையில் நிரப்பிக்கொண்டோ, குளோரின் கலந்துதான் தருகிறார்கள். துறைமுகத்தில் இறங்கி வாங்கும் ஐஸ் போட்ட ஜூஸ்தான் யோசிக்க வேண்டியது.

சைவக்காரர்கள் சூப்பில் கவனமாக இருங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் கோழிச் சாறு இருக்கலாம். இந்திய சைவம், ஜைன உணவு வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் செய்துதருவார்கள். சுகர் உள்ளவர்களுக்கு இனிப்பு மேஜையைவிட, கரைச் சுற்றுலா நாள்தான் ஆபத்து. காலையில் மாத்திரை போட்டுவிட்டுக் கிளம்பி, பஸ் தாமதமாகி, மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போய், சுகர் இறங்கி மயக்கம் வரும். பிஸ்கட், குளுக்கோஸ் பொடி பையில் இருக்க வேண்டும். பழம் எடுத்துப் போகாதீர்கள். பல துறைமுகங்களில் அனுமதி இல்லை.

நிலைப்படி, கதவு, வெயில்

கேபின் குளியலறைக்கு உயர்ந்த நிலைப்படி இருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் அதில் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது எளிது. ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டுபோங்கள். ஜன்னல் இல்லாத கேபினில் விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. டெக் கதவுகள் கனமானவை, காற்றில் படீரென்று சாத்தும். சட்டத்தில் விரல் வைக்காதீர்கள். ஈர டெக்கில் ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

கடல்காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. ‘நமக்கென்ன, கருப்புத் தோல்தானே’ என்று நிற்பவர்களுக்கும் தோல் எரியும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் பாட்டிலோடு நடமாடுங்கள்.

கப்பல் டாக்டரும் அவர் பில்லும்

பெரிய கப்பல்களில் டாக்டர், நர்சுகள், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ஆக்சிஜன், அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் பொதுவாக இருக்கும். ஆஞ்சியோ செய்ய வசதி கிடையாது. அதற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். எட்டும் தூரத்தில் கரை இருந்தால்தான் ஹெலிகாப்டரும் வரும். இதய நோய் உள்ளவர்கள் பல நாள் தொடர்ந்து கடலிலேயே இருக்கும் பயணங்களைத் தவிர்த்து, தினம் ஒரு துறைமுகம் தொடும் பயணங்களை எடுப்பது நல்லது.

நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. நகலோடு வைத்திருங்கள். நெஞ்சு வலி என்று போனால், பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டு எது புதிய மாற்றம் என்று டாக்டரால் உடனே சொல்ல முடியும்.

வைத்தியச் செலவை டாலரில் உங்கள் அறைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நம் ஊர் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: கப்பல் பயணம் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தருவார்களா, கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவு எவ்வளவு வரை. மூன்றாவதுதான் வீட்டை விற்க வைக்கும் செலவு.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் என்பதே கணக்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் பொதுவாக இடமில்லை. ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கத் துறைமுகங்கள் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் தேவையா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விடாமல் தனிமையில் வைத்துவிடலாம்.

இறங்கிய பிறகு

வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல இருக்கும். குளிக்கும்போது கண்ணை மூடினால் நன்றாகவே தெரியும். தானாகச் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அவர்கள் காது மூக்கு தொண்டை டாக்டரையோ நரம்பியல் டாக்டரையோ பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் இருமலும் வந்தால் சாதாரண சளி என்று விட்டுவிடாதீர்கள். சுடுநீர்த் தொட்டிகளின் நீரில் வாழ்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளோடு மூச்சில் நுழையும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா நிமோனியாவை உண்டாக்கும். அதற்கு வேறு ஆன்டிபயாடிக் வேண்டும், அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனையும் உண்டு. ‘கப்பலில் போய் வந்தேன், சுடுநீர்த் தொட்டியில் உட்கார்ந்தேன்’ என்று நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சோதனை எழுதத் தோன்றும்.