சுவரில் ஒட்டிய 3.50

ஸ்கூடாயில் ஒரு மாணவர் விடுதி அறை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மஞ்சள் தாளில் 3.50 என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அறையில் இருப்பவள் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள். மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது. பாயிண்டர், அதாவது மதிப்புப் புள்ளிச் சராசரி, 2.60. காலையில் கண் விழித்ததும் முதலில் தெரிவது அந்தத் தாள்தான். இவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஜோகூரின் எந்த வளாகத்திலும் இவளைப் போன்ற பிள்ளைகள் இருப்பதால், உங்களுக்குத் தெரிந்த ஒருத்தியின் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவோம். நான்கு ஆண்டுப் படிப்பில் எட்டு செமஸ்டர். ஒவ்வொன்றிலும் கிரெடிட் ஏறக்குறையச் சமம் என்று வைத்துக்கொள்வோம். எட்டின் சராசரி 3.50 வர வேண்டுமானால் மொத்தம் 28 புள்ளி சேர வேண்டும். மூன்று செமஸ்டரில் அவள் சேர்த்தது 7.8. மிச்சம் 20.2. அதை ஐந்தால் வகுத்தால் 4.04 வருகிறது. பாயிண்டரின் உச்சமே 4.00. இனி எந்தப் பாடத்திலும் ஒரு புள்ளிகூடக் குறையாமல் வாங்கினாலும், அந்தத் தாளில் இருக்கும் எண்ணை அவள் தொட முடியாது.

இது அவளுக்குத் தெரியாது. யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. தினமும் காலையில் அந்தத் தாளைப் பார்த்து, தான் சோம்பேறி, தனக்கு மன உறுதி போதாது என்று நினைத்துக்கொள்கிறாள். எனக்கு மனம் தாங்காத இடம் இதுதான். முடியாத ஒன்றுக்காக ஒரு பிள்ளை தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு இரண்டரை ஆண்டைக் கழிக்கப்போகிறது.

அதே பென்சிலால் இன்னொரு கணக்குப் போடலாம். 3.00 வேண்டுமென்றால்? மொத்தம் 24. கையிலிருக்கும் 7.8 போக 16.2. ஐந்து செமஸ்டருக்குப் பங்கிட்டால் 3.24. கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. வேலை விளம்பரங்கள் பலவற்றில் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கப்படும் எண்ணும் இதே 3.00தான். ஒன்றை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் 3.24 எடுத்தாலும் மொத்தப் பாயிண்டர் 2.76, 2.86, 2.92, 2.97 என்றுதான் ஏறும், கடைசியில்தான் 3.00. முதலில் ஓரளவு நகர்வது போகப்போக மெல்ல நகரும். இது தெரியாத மாணவர் ஆறாம் செமஸ்டரில், ‘இவ்வளவு உழைத்தும் 0.06தானா ஏறியது’ என்று சோர்ந்துபோகிறார். தெரிந்தவர் சோர மாட்டார்.

அந்த 3.50 சுவருக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். அவள் அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நம் சமூகத்துக்குப் பெரிய கனவு தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கியபோது, தோட்டத்துப் பிள்ளைகளிடம் பட்டதாரி ஆவதைப் பற்றிப் பேசுவதே பெரிய காரியம். அன்று கனவை ஊட்டியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கனவின் பலனாகத்தான் இந்தப் பிள்ளை ஸ்கூடாய் வரை வந்திருக்கிறாள். வளாகத்துக்குள் நுழைந்த பிறகு அவளுக்கு வேண்டியது வேறு. வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அதற்கு ஆள் இல்லை.

அதற்குப் பதிலாகத் தன்முனைப்பு முகாம்களில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் இலக்கை எழுதி வைத்தார்களாம். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், மற்ற 97 விழுக்காட்டினரின் சொத்து மொத்தத்தையும்விட அவர்களின் சொத்து அதிகமாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் ஓர் அமெரிக்க இதழ் தேடிப் பார்த்தது. கதையைச் சொல்லி வந்த பேச்சாளர்களிடமும் ஆதாரம் இல்லை, பல்கலைக்கழகத்திலும் பதிவு இல்லை. எழுதி வைப்பதில் தவறில்லை. எழுதிவிட்டாலே பாதி முடிந்துவிட்டது என்று பிள்ளைகளை நம்பவைப்பதுதான் தவறு.

எழுதுவதற்கு முன் எண்ண வேண்டியது மணி நேரத்தை. மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, ஆய்வகம், அசைன்மென்ட், தானே படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஒரு செமஸ்டருக்கு 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். 14 வார விரிவுரையோடு படிப்பு விடுப்பு, தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்குச் சமம். ‘சும்மா படிச்சிக்கிட்டுத்தானே இருக்கா’ என்று வீட்டில் சொல்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 49. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது என்று நாளுக்கு 3 மணி வீதம் 21. படிப்புக்கு 40. மிச்சம் 58. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனில் கட்டணம் போக மீதி கைக்குப் போதவில்லை என்று வாரம் மூன்று மாலை உணவகத்தில் வேலை செய்கிறாள், 15 மணி. வார இறுதியில் குளுவாங்குக்குப் போய், பாட்டியைப் பார்த்து, தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் திரும்ப 20 மணி. பேருந்துக்குக் காத்திருப்பது, இந்திய மாணவர் சங்கக் கூட்டம், தீபாவளி இரவுக்கு ஒத்திகை, எல்லாமாக 9 மணி. கடைசியில் மிஞ்சுவது 14 மணி. நாளுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் களைத்துப்போன இரண்டு மணி நேரம். ஜெர்மன் மொழி கற்பது, ஜிம்முக்குப் போவது, கோடிங் பழகுவது, கதை எழுதுவது என்று ஆண்டுத் தொடக்கத்தில் அவள் போட்ட பட்டியல் முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடங்கும்.

நேரத்தை எண்ணினாலும் நாம் எல்லாரும் தவறும் இடம் ஒன்று உண்டு: ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது. கானமன், துவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் அதற்குத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 கனடிய மாணவர்களைப் பற்றியது. எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எப்போது முடியும் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப்போகும் என்று கற்பனை செய்தபோதுகூட மனம் நல்லபடியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

ஜோகூர் பாரு மக்களுக்கு இதைப் புரியவைக்கக் கனடா வரை போகவேண்டியதில்லை. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் பாதை நான்கு கிலோமீட்டர்தான். 2010இல் அறிவித்தபோது 2018 என்றார்கள். 2018இல் ஒப்பந்தம் போட்டபோது 2024 என்றார்கள். திட்டம் நின்று, மறுபடி 2020இல் கையெழுத்தானபோது 2026 இறுதி என்றார்கள். ஆட்சி மாறியது, செலவுக் கணக்கு மாறியது, தொற்று வந்தது. இரண்டு அரசாங்கங்களும் அத்தனை நிபுணர்களும் சேர்ந்து போட்ட நாள்களே தள்ளிப்போகும்போது, இருபது வயதுப் பிள்ளையின் கால அட்டவணை தள்ளிப்போனதற்கு அவளைத் திட்டுவது நியாயமில்லை. அவள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு சின்னப் பழக்கம். இந்த அசைன்மென்ட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று யோசிப்பதை விட்டு, போன அசைன்மென்ட்டுக்கு எத்தனை நாள் ஆனது என்று குறித்து வைத்ததைப் பார்க்க வேண்டும். ஆறு நாள் ஆனது என்றால் இதற்கும் ஆறு.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் செய்த சோதனை ஒன்றும் எனக்குப் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். அவர்களில் ஒரு சாராரை, எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்பதையும் முன்பே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சொன்னபடி அனுப்பினார்கள்; குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். ‘இந்த செமஸ்டர் கால்குலஸில் நன்றாகச் செய்வேன்’ என்பதைவிட ‘செவ்வாய் இரவு சாப்பிட்டதும் நூலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து ஐந்து கணக்குப் போடுவேன்’ என்பதற்கு வலு அதிகம்.

மேலே சொன்னதை எல்லாம்விடக் கடினமான ஒன்று இருக்கிறது: குறைத்த இலக்கை வீட்டில் சொல்வது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கப்பூர் வெள்ளி இந்தப் பக்கம் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் ஆகிற ஊர் இது. கூடப் படித்தவர்களில் சிலர் எஸ்பிஎம் தேர்வு முடித்த கையோடு அதிகாலையில் மோட்டார் எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். படிக்கப் போன பிள்ளை பெரிய எண்ணோடுதான் திரும்ப வேண்டும் என்று வீடு எதிர்பார்ப்பது இயல்பு. 3.00 என்று சொன்னால் அப்பா முகம் வாடுமோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் 3.50 என்ற தாளைச் சுவரில் விட்டுவைக்கிறார்கள். உண்மையான பாயிண்டரை வீட்டில் சொல்லாமல் செமஸ்டர் செமஸ்டராக ஒளிக்கிறார்கள். பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளை கணக்கோடு வந்து உட்கார்ந்தால், கணக்கைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணை அப்போது எடுக்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு அப்படி நடக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து அவள் சொல்கிறாள்:

“அப்பா, 3.50 வராதுப்பா. நான் முழுசா வாங்கினாலும் வராது. போட்டுப் பாத்துட்டேன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்க்கிறார். 4.04 என்ற இடத்தில் விரல் நிற்கிறது.

“இது நாலுக்கு மேல போகுதே மா?”

“அதான்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் விரலைக் கீழ்வரிக்கு நகர்த்துகிறார்.

“சரி, இந்த 3.24க்கு வாரம் எத்தனை மணி நேரம் வேணும்?”