உழவு இயந்திரத்தின் முன்சில்லுப் பெயாரிங்குகளைச் சீர்செய்தல்

கந்தளாய், மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் பெரும்போகச் சேற்றுழவு முடிந்ததும், நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் முன்சில்லுகளைச் சோதித்தல் வேண்டும். சேற்றுநீர் உட்புகின் கிறீஸ் கெட்டு, பெயாரிங்குகள் தேய்ந்துவிடும்.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையிடுக. பின்சில்லுகளுக்கு அணைகொடுத்து, முன்அச்சை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான மரக்கட்டைகளால் தாங்குக. பின் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க. கையால் சுழற்றியும் பார்க்க. கரகரவென ஓசை எழுந்தால் பெயாரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயாற் கழுவி ஆராய்க. உருளைகளிற் பள்ளமோ நீலநிறமோ காணின் புதியது இடுக.

ஆட்டம் மட்டும் இருப்பின், மூடியைக் கழற்றிப் பிளவு ஊசியை நீக்குக. சில்லைச் சுழற்றியபடியே சுரையை இறுக்குக. சுழற்சி சற்றுத் தடைப்பட்டதும், ஊசித்துளைக்கு நேராகும் அடுத்த வெட்டு வரை சுரையைத் தளர்த்துக. சில்லு தடையின்றிச் சுழலல் வேண்டும். பழைய ஊசியை மீண்டும் இடலாகாது. இயந்திரக் கைநூல் வேறு முறை கூறின் அதனையே கைக்கொள்க.

சிறிது தூரம் ஓட்டியபின் சில்லின் குடத்தைத் தொட்டுப் பார்க்க. கை பொறுக்காத சூடு, மிகையிறுக்கத்தின் அடையாளம். இறுக்கம் பெயாரிங்கை எரிக்கும்; தளர்வு சில்லையே கழலச் செய்யும். நெல்மூடைகளுடன் வீதியிற் செல்லுகையில் இது நேரின் உயிருக்கே கேடாம்.