தாயின் ரத்தம் சொல்லும் ரகசியம்!

புதுவை கோரிமேட்டில் இருக்கிறது, ஜிப்மர் மருத்துவமனை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இதன் மூலம். 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. இங்கே புற்றுநோய்க்கென்று தனி மையமும் உண்டு.

மார்பில் கட்டியோடு ஒரு தாய் இப்படிப்பட்ட மருத்துவமனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மகள். தாய்க்குத் தன்னைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. "என் மகளுக்கும் இது வருமா, டாக்டர்?" என்றுதான் கேட்கிறாள்.

விடை காண இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, கட்டியில் ஒரு சிறு துண்டு. மற்றொன்று, கொஞ்சம் ரத்தம்.

நோய் மார்பில், ரத்தம் எதற்கு?

நம் உயிரணுக்களுக்குள் 'டி.என்.ஏ.' என்ற நீண்ட இழை இருக்கிறது. அது, நான்கே எழுத்துக்களால் எழுதிய ஏடு போன்றது. தாய் கொடுத்த பிரதி ஒன்று. தந்தை கொடுத்த பிரதி ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துக்கள்!

கட்டியின் ஏட்டில் ஒரு பிழை. ரத்தத்தில் அது இல்லை. அப்படியானால் பிழை பிறகு நேர்ந்தது. மகளுக்குப் போகாது.

ரத்தத்திலும் அதே பிழை இருந்தால்? பெரும்பாலும் அது பிறவியிலேயே வந்தது. மகளானாலும் மகனானாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அவசரம் கூடாது!

எழுத்து மாறினாலே நோய் என்று அர்த்தம் இல்லை. ஆளுக்கு ஆள் லட்சக்கணக்கான எழுத்துக்கள் மாறும். பெரும்பாலானவை தீங்கற்றவை. வயதானால் ரத்த அணுக்களிலேயே புதிதாகப் பிழை தோன்றுவதும் உண்டு. ரத்தப் புற்றுநோய் என்றால் ரத்தமே நோயாளி! அப்போது தோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எந்த மாற்றம் கெட்டது என்று அறியப் பலருடைய ஏடுகள் வேண்டும். மேல்நாட்டார் கணக்கு மட்டும் போதாது. அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. நம் நாட்டின் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் எடுத்த கட்டியும் ரத்தமுமாக 480 ஜோடிகள். ஆக 960 மாதிரிகளின் விவரம் அதில் இருக்கிறது.

தாய்க்கு என்ன பதில்?

ரத்தத்தில் கெட்ட பிழை இருந்தாலும் மகளுக்கு நோய் நிச்சயம் என்பதில்லை. அவளும் சோதித்துக்கொள்ளலாம். பிழை இருந்தால், முன்கூட்டியே கண்காணிக்கலாம். இல்லாவிட்டால், அந்தப் பயம் தீர்ந்தது. ஆனாலும் எல்லாப் பெண்களையும் போல அவளும் கவனமாக இருக்க வேண்டும்.

பிழையைத் தாய் விரும்பிக் கொடுக்கவில்லை. அவள் மீது குற்றம் இல்லை. மறைத்தால்தான் ஆபத்து!