புரதப் புராணம் – 14: சீக்கிரம் கண் திறந்த எலிக்குஞ்சுகள்

போன வாரம் பி53 புரதம். புகையிலைத் தார் அதன் மரபணுவில் எங்கெங்கே போய் ஒட்டிக்கொண்டு கெடுக்கிறது என்பதோடு நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். சிகரெட்டையே தொடாதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஏன் வருகிறது என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் எலிக்குஞ்சு.

பிறந்த எலிக்குஞ்சின் இமைகள் ஒட்டியிருக்கும். பிரிவதற்கு 12 முதல் 14 நாளாகும். 1950-களின் கடைசியில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோஹென் என்ற உயிர்வேதியியலாளர் ஊசி போட்ட குஞ்சுகள் ஏழாம் நாளே கண் திறந்துவிட்டன. முன்பற்களும் முந்திக்கொண்டு முளைத்தன.

கோஹென் தேடியது கண்ணையும் அல்ல, பல்லையும் அல்ல. உடன் வேலை செய்த ரீட்டா லெவி மொன்டால்சினி, நரம்பு இழைகளை வளரவைக்கும் ஏதோ ஒன்று எலிக் கட்டிகளில் இருப்பதைக் கண்டிருந்தார். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா? தீர்மானிக்க ஒரு வழி இருந்தது: பாம்பு நஞ்சு. அதிலுள்ள நொதி நியூக்ளிக் அமிலத்தை அறுத்துப்போடும். சரக்கில் நஞ்சைக் கலந்தபின் நரம்பு வளர்வது நின்றால், நியூக்ளிக் அமிலம் என்று முடிவுகட்டலாம். கலந்தார்கள். நிற்கவில்லை, முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்தது! அவர்கள் தேடிய பொருள் நஞ்சிலேயே கொட்டிக் கிடந்தது, கட்டியில் இருந்ததைவிடப் பல மடங்கு.

இங்கேதான் கோஹெனின் மூளையை மெச்ச வேண்டும். பாம்பின் நச்சுப் பை என்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் வேறு வடிவம். அப்படியானால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தேடிப் பார்த்தால் என்ன? ஆண் எலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியை அரைத்துச் சாறெடுத்தார். நரம்பு வளர்த்தும் பொருள் அதில் தாராளமாக இருந்தது. அந்தச் சாற்றைக் குஞ்சுகளுக்குப் போட்டபோதுதான் இமை பிரிந்த விவகாரம். நரம்புப் பொருளைத் தனியே சுத்திகரித்துப் போட்டால் இமை சீக்கிரம் பிரியவில்லை. ஆக, சாற்றில் இன்னொரு ஆசாமி ஒளிந்திருக்கிறான்.

சலிக்காமல் தேடுவது இவருக்குப் பழக்கம். புரூக்ளினில் ஒரு தையல்காரரின் மகன். மிச்சிகனில் முனைவர் பட்டத்துக்கு மண்புழுவை எடுத்துக்கொண்டு, ராத்திரி நேரத்தில் பல்கலைக்கழகப் புல்வெளியில் 5,000-க்கும் மேற்பட்ட புழுக்களைப் பொறுக்கியவர். (புழுக் கதையை நீட்டினால் ஆசிரியர் போன் செய்வார்.) 1959-ல் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1962-ல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார். கட்டுரையின் தலைப்பில் முன்பல்லும் இமையும் இருந்தன, புற்றுநோய் இல்லை. தோலின் மேல்படலச் செல்களைப் பெருகவைக்கும் இதற்கு ஈ.ஜி.எஃப். என்று பெயர் நிலைத்தது. 53 அமினோ அமிலங்கள் கொண்ட பொடிப் புரதம். 1986-ல் கோஹெனுக்கும் ரீட்டாவுக்கும் சேர்த்து நோபல் பரிசு.

சரி, நுரையீரலுக்கு வருவோம்.

ஈ.ஜி.எஃப். தானாகச் செல்லுக்குள் போய் எதையும் சொல்வதில்லை. செல் சவ்வைக் குறுக்கே துளைத்துக்கொண்டு ஓர் ஏற்பிப் புரதம் நிற்கிறது: ஈ.ஜி.எஃப்.ஆர். வெளித்தலையில் ஈ.ஜி.எஃப். வந்து உட்கார்ந்ததும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உள்பக்க வால்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அங்கிருந்து ராஸ் புரதம் வழியாக உட்கரு வரைக்கும் ‘பெருகு’ என்ற உத்தரவு போகிறது. வாசல் அழைப்புமணி மாதிரிதான். விரலை எடுத்தால் சத்தம் நிற்க வேண்டும்.

சில நுரையீரல் கட்டிகளில் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொள்கிறது. ஏற்பியின் 858-ஆம் இடத்தில் இருக்க வேண்டியது லூசின், தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலம். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே மின்னூட்டம் உள்ள ஆர்ஜினின் வந்து உட்கார்கிறது. அந்தப் பகுதி பழைய நிலைக்கு மடங்க முடியாமல் திறந்தே நிற்கிறது. ஈ.ஜி.எஃப். வந்தாலும் வராவிட்டாலும் உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

இது தெரியவந்த விதம் தலைகீழானது. மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது. ஏற்பியின் உள்பக்கத்தை அடைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரைக்கு 2002-ல் ஜப்பானும் 2003-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனால் அந்த ஒருவருக்குச் சுருங்கிய வேகத்தை மருத்துவர்களாலேயே நம்ப முடியவில்லை. பெண்கள், புகைக்காதவர்கள், கிழக்கு ஆசியர்களுக்கு நன்றாகக் கேட்டது. 2004-ல் பாஸ்டனில் ஒரு குழு கட்டிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தது. மருந்து கேட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேரிடம் ஏற்பியில் திடீர்மாற்றம். கேட்காத ஏழு பேரில் ஒருவரிடமும் இல்லை. பெரிய பெரிய ஆய்வுகளின் நடுவில் இந்தச் சின்னக் கணக்குதான் எனக்கு இன்னும் பிடித்தது. அதே ஆண்டு இன்னொரு குழு எண்ணியதில் ஜப்பானியர் 58 பேரில் 15 பேரிடமும், அமெரிக்கர் 61 பேரில் ஒரே ஒருவரிடமும் மாற்றம் இருந்தது.

எனவே, “சிகரெட் பிடிப்பாரா?” என்று நோயாளியின் வீட்டாரைத் துருவுகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வது நல்லது. புகைப்பவர்களின் கட்டியில் கே-ராஸ் புரதம் கெட்டிருப்பது அதிகம். புகைக்காதவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்து கெடுவது அபூர்வம். உத்தரவு போகும் பாதை ஒன்றே என்பதால் ஓரிடத்தில் கெட்டாலே வேலை நடந்துவிடுகிறது.

புகைக்காதவரிடம் அந்த ஓர் எழுத்து ஏன் மாற வேண்டும்? கேள்வியையே திருப்பிப் போடுகிறது 2023-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு. 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் திசுவைத் துருவிப் பார்த்தபோது 18 சதவீத மாதிரிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். திடீர்மாற்றம் ஏற்கெனவே இருந்தது. மாற்றம் இருந்தும் கட்டி இல்லை. அப்படியென்றால் கட்டியாக்குவது வேறு ஏதோ. அந்த ஆய்வை நடத்திய லண்டன் சார்லஸ் ஸ்வான்டன் குழு, வாகனப் புகையின் நுண்துகளையும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தையும் கைகாட்டுகிறது. அதையும், ஜெஃபிடினிப்பை முறியடிக்க 790-ஆம் இடத்தில் கட்டி செய்யும் தந்திரத்தையும் அடுத்த வாரம் பார்க்கலாம். பக்கம் தீர்ந்துவிட்டது, பாதியை எலிக்குஞ்சுகள் தின்றுவிட்டன.