ஓர்கிட்டின் சாடியில் மண் எதற்கு?

எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலாமரக் கொப்பில் உம்மும்மாவின் ஓர்கிட் ஒன்று பல வருடங்களாகத் தொங்கியது. ஊதா நிறத்தில் பூக்கும் டென்ட்ரோபியம். விளிம்பு உடைந்த மண்சாடி, உள்ளே கரியும் ஓட்டுத் துண்டும். பார்க்க அழகில்லை என்று போன ஒக்டோபரில் அதைக் கழற்றி, மினுக்கம் பூசிய பெரிய பீங்கான் சாடியில் கூட்டெருவும் கறுப்பு மண்ணும் நிரப்பி நட்டு வைத்தேன். அம்பிட்டியவில் அந்த மாதங்களில் பின்னேரமானால் மழைதான். டிசம்பரில் இலைகள் மஞ்சளாகி விழுந்தன. சாடியைக் கவிழ்த்தால் வேர்கள் கறுத்திருந்தன. விரலால் பிடித்ததும் தோல் கழன்று நடுநார் மட்டும் மிஞ்சியது.

உம்மும்மா ஏசவில்லை. "மரத்துல இருக்கிறதுக்கு மண்ணுல என்ன வேல, மகள்?" என்று மட்டும் கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அதுவே ஏச்சாகத்தான் இருந்தது.

நாம் வீட்டில் வளர்க்கும் ஓர்கிட்களில் பெரும்பாலானவை மேலொட்டிகள். நம் நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்கிட்டும் ஈரவலயக் காட்டு மரங்களில் ஒட்டித்தான் வாழ்கிறது. இவற்றின் வேரைச் சுற்றி வெலமன் என்ற பஞ்சு போன்ற படை உண்டு. அது இறந்த கலங்களால் ஆனது. மழை பட்டதும் நீரை உறிஞ்சிப் பச்சையாகத் தெரியும். காய்ந்தால் வெள்ளி நிறமாகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். மண்ணில் புதைத்தால் இடைவெளிகளில் நீர் நின்று, ஒட்சிசன் கிடைக்காமல் வேர் மூச்சு முட்டும். பிறகு பங்கசு வந்துவிடும். ஆகவே ஓர்கிட் சாடியில் நாம் முதலில் வைக்க வேண்டியது காற்று. கரியும் ஓடும் அந்தக் காற்றுக்கு இடம் பிடித்துக் கொடுப்பவை.

என்னை ஏமாற்றியது அடுத்த வீட்டு வேலியோரத்து நில ஓர்கிட். அது ஸ்பதோகுளோட்டிஸ் இனம், மண்ணிலேயே செழிக்கும். பெயர் ஒன்றென்பதால் சாப்பாடும் ஒன்றென்று நினைத்துவிட்டேன்.

சாடியைப் பொறுத்தவரை மினுக்கம் பூசாத மண்சாடிதான் எங்கள் ஊருக்குப் பொருத்தம். அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பக்கங்களிலும் துளையிருந்தால் இன்னும் நல்லது. புதுச்சாடியை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றுவதை அதுவே குடித்துவிடும். பிளாஸ்டிக் சாடி ஈரத்தை நீண்ட நேரம் வைத்திருக்கும். வெயில் கூடிய இடங்களில் அது உதவும், இங்கே மழை படாத விறாந்தையில் மட்டும் சரி. பெலனொப்சிஸ் வகைக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் சாடி நல்லது. வேரின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் ஊற்றலாம், அந்த வேர்களும் ஒளித்தொகுப்புச் செய்யும். வண்டாவுக்குச் சாடியே தேவையில்லை. மரச்சட்டக் கூடையில் வேரைத் தொங்கவிட்டால் போதும்.

அளவில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். பெரிய சாடியின் நடுப்பகுதி காய்வதே இல்லை. டென்ட்ரோபியத்துக்கு வேர்த் தொகுதி இறுக்கமாக அடங்கும் சாடி போதும், மேலும் இரண்டு வருட வளர்ச்சிக்கு இடமிருந்தால் சரி.

நிரப்புவதற்கு உம்மும்மா சொன்ன கலவை எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அடியில் உடைந்த கூரை ஓடு. அது சாடிக்குப் பாரமும் தரும். மேலே பெருவிரல் நுனியளவு விறகுக்கரி. சாம்பல் போகக் கழுவ வேண்டும். இறைச்சி சுடுவதற்கென எரியெண்ணெய் ஊட்டி விற்கும் கரியைத் தொடவே வேண்டாம். பொச்சுத் துண்டு ஈரம் பிடிக்கும், ஆனால் உப்பும் சாயமும் இறங்கும்வரை சில நாட்கள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். நம் மழையில் அது சீக்கிரம் உக்கிவிடுவதால் நான் ஒரு கைப்பிடி மட்டுமே சேர்த்தேன். இப்படிக் கட்டிய சாடி ஜனவரியிலிருந்து மார்ச் வரை விரைவில் காயும். அப்போது காலையில் தண்ணீர் ஊற்றச் சோம்பல்படக் கூடாது.

சாடி மாற்றும் நாளையும் பார்க்க வேண்டும். பூத்திருக்கும்போது கை வைக்காதீர்கள். புதுத் தளிரின் அடியில் வேர் முளை தெரியும்போது மாற்றுங்கள். செடி ஆடினால் அந்த முளை முறியும், ஆகவே ஈர்க்கிலோடு சேர்த்துக் கட்டுங்கள். பழைய சாடியில் வேர் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். சாடியை உடைத்து, ஒட்டிய துண்டோடே புதியதில் இறக்கலாம்.

1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் இல்லத்துக்குப் போனால் நாம் பூவைத்தான் படம் எடுப்போம். அடுத்த தடவை சாடிக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.

உம்மும்மாவின் செடியில் ஒரே ஒரு தண்டு பிழைத்தது, மூன்று இலையோடு. அழுகிய வேரை வெட்டிவிட்டு, சின்ன மண்சாடியில் வைத்து, அவர் கட்டிலுக்கு நேரான யன்னலோரம் தொங்க விட்டிருக்கிறேன். முழங்கால் நோவால் அவருக்குப் பலாமரம் வரை நடக்க முடியாது. சுபஹு தொழுததும் யன்னலைத் திறக்கச் சொல்லி, "வேர் வந்திருக்கா?" என்று கேட்பார். போன கிழமை பச்சை நுனியோடு ஒன்று வந்திருந்தது.