பொழுதுபடும் நேரத்துத் தாகம்

இடம்பெயர்ந்து கொட்டிலில் வாழ்ந்த தோட்டக்காரர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சுவாமி, காலமையில குடிக்கவேணும் எண்ட நினைப்பே எனக்கு இல்லை. பின்னேரம் அஞ்சு மணியெண்டால் கால் தானாய்த் தவறணைப் பக்கம் போகுது.”

“காலையிலிருந்து ஐந்து மணிவரை என்ன நடந்தது?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார். அலுவலகத்தில் “நாளைக்கு வாருங்கோ” என்றார்கள். கூலி வேலை கிடைக்கவில்லை. மகளுக்குக் கொப்பி வாங்கக் காசில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியோடு வாய்த்தர்க்கம்.

குடிக்குக் காரணம் கேட்டால் நாம் பெரிய இழப்புகளையே சொல்கிறோம். 1990, 1995, 2009 என்று ஊரும் நிலமும் உறவும் இழந்த ஆண்டுகளை எண்ணுகிறோம். அந்த இழப்புகள் உண்மையானவை. ஆனால் இன்று பின்னேரம் ஒருவரைத் தவறணைக்கு இழுப்பது பெரும்பாலும் இன்றைய சில்லறைக் கவலைகளே.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹாவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. குடிக்கு அடிமையாகிச் சிகிச்சை பெற்றுவந்தவர்களை, தமது வாழ்வில் அண்மையில் மனநெருக்கீடு தந்த சம்பவமொன்றை மனக்கண்ணில் காணச் செய்தார்கள். முன்னால் போத்தல் இல்லை, மணமும் இல்லை. ஆயினும் குடிக்கும் ஆசை எழுந்தது. அளவாகக் குடிப்பவர்களைவிட அவர்களிடம் அது கூடுதலாயிருந்தது, எளிதில் தணியவுமில்லை.

வட்டிக்கு வாங்கும் ஆறுதல்

கவலையோ கோபமோ வரும்போது உடல் அதிரினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்களைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. மது மூளையின் இந்தப் பரபரப்பைச் சிறிது நேரம் அடக்கிவிடுகிறது. “கவலைக்கு இதுதான் மருந்து” என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பிறகு கவலை வந்தவுடனேயே ஆசையும் கூட வருகிறது.

ஆனால் நாள்தோறும் அடக்கப்படும் மூளை, அதை எதிர்த்துத் தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்கிறது. வெறி இறங்கியதும் நித்திரை குழம்புகிறது, விடியப்புறம் விழிப்பு வருகிறது, கை நடுங்குகிறது, எரிச்சல் மிஞ்சுகிறது. நேற்றுத் தாங்கிய சிறு தொல்லை இன்று மலையாகத் தெரிகிறது. கவலையும் தீரவில்லை, கூலிக்காசும் போய்விட்டது. நகையை அடகுவைத்து விதை வாங்கிய நமக்கு இந்தக் கணக்கு விளங்கும். இரவு வாங்கிய ஆறுதலுக்குக் காலையில் வட்டி கட்டுகிறோம்.

என்ன செய்யலாம்?

முதலில், ஆசை வரும் நேரத்தை அறியுங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்களில் நான்கு நிலைகளைப் பற்றி எச்சரிப்பது வழக்கம்: பசி, கோபம், தனிமை, களைப்பு. அந்தத் தோட்டக்காரரிடம் ஐந்து மணிக்கு இவற்றில் மூன்றாவது இருந்தன.

இரண்டாவது, ஆசை அலைபோன்றது. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அந்த நேரத்தைக் கடத்தினால் போதும். முதலில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். தவறணை இல்லாத பாதையால் வாருங்கள். காசை வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஒருவரோடு இருந்து கதையுங்கள்.

மூன்றாவது, வீட்டாருக்கு. கணக்குக் கேட்பதையும் குறை சொல்வதையும் அந்த ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கேட்கவேண்டாம் என்பதல்ல, காலையில் கேளுங்கள். ஆனால் அவர் குடிப்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல. அடியைப் பொறுக்கவேண்டிய கடமையும் உங்களுக்கில்லை.

ஓர் எச்சரிக்கை. நீண்டகாலம் நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சைக்குக் காசு இல்லை.

அந்தத் தோட்டக்காரர் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டார். ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மகளோடு வாளியில் தண்ணீர் ஊற்றினார். முற்றாக விட்டாரா? இல்லை. ஆனால் கிழமையில் நாலு நாள் தவறணைக்குப் போகவில்லை. மகளுக்குக் கொப்பியும் வந்தது.

உங்கள் வீட்டில் அந்த ஐந்து மணி எப்போது வருகிறது? இன்றிரவு கூடியிருந்து பேசிப்பாருங்கள்.